திலகா வைத்த பெயர்கள்

தஞ்சோங் பகாரில் ரயிலை விட்டு இறங்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் சனிக்கிழமைக் குழுவில் திலகாவின் எண்ணிலிருந்து அவர் தங்கை எழுதியிருந்தார்: "அக்கா இன்னைக்குக் காலையில போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷத்தில் கட்டைவிரல் படத்தை அழுத்திவிட்டேன். அப்புறந்தான் படித்தது மண்டையில் ஏறியது. பதறிப்போய் அழித்துவிட்டு, மின்படிக்கட்டின் ஓரமாக நின்று அழுதேன். "படிக்காமலே சரின்னு சொல்ற ஆளு லா நீங்க" என்று எங்கள் ஊர் 'லா' சேர்த்து என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார் திலகா. அவருடைய சாவுச் செய்தியிலும் அதையே செய்தேன்.

உங்களில் பலர் அவரை மருத்துவமனை அவசரப் பிரிவின் பதிவு முகப்பில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவர் அறிமுகமானது ஜாலான் புசாரில், ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில். சனிக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் ஆறேழு பேர் அங்கே கூடி, நாலு பேருக்கு உதவும் சின்னக் கணினி நிரல்களை எழுதுவோம். அவர் வந்து சேர்ந்த வருடம் எடுத்துக்கொண்டது சாலை விபத்துப் பதிவுகள். தாறுமாறாகக் கிடக்கும் பதிவுகளை ஒழுங்குபடுத்தி, எந்தச் சந்திப்பில் எப்படிப்பட்டவர்கள் அடிபடுகிறார்கள் என்று சொல்லும் ஒரு சிறு நிரல் தொகுப்பு. எழுதுவது நான், சோதிப்பது திலகா. இருவருக்கும் ஒரே வயது. "எனக்கு கோட் எல்லாம் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரே மாதத்தில் என் நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. விபத்துப் பதிவுகளில் பெயர் இருக்காது. வயது, வாகனம், நேரம், இடம், காயம், அவ்வளவுதான். சோதனைக்காக அவர் பள்ளிக்கூட நோட்டில் எழுதும் கற்பனைப் பதிவுகளுக்கோ ஆளுக்கொரு பெயர் உண்டு. சைக்கிளில் போன சுப்பையா, பேருந்துக்கு ஓடிய ஃபாத்திமா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "பேரு வெச்சாத்தான் லா, காணாமப் போனா தேடுவேன்" என்றார்.

தொகுப்பைக் கிளமெண்டியில் இருக்கும் இரண்டு ஆராய்ச்சியாளர்களிடம் ஒப்படைக்க வேண்டிய நாளும் வந்தது. நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். திலகா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சேகர், முருகேசன் வந்துட்டான். அய்யாவு எங்க?"

அவர் நோட்டில், ஒரே லாரியின் பின்னால் உட்கார்ந்து வந்த இரண்டு தொழிலாளர்கள் அவர்கள். இருவருக்கும் இருபத்தெட்டு வயது. ஒரே இடம், ஒரே நிமிடம், இருவருக்கும் கையில் முறிவு. ஒரே பதிவு தவறுதலாக இரண்டு முறை வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, என் நிரல் ஒன்றை அழித்திருந்தது.

"ஒரே ஒரு வரி, திலகா! அதுக்காக நிறுத்தச் சொல்றீங்களா?"

"வரி இல்ல. ஆளு."

"அய்யாவுன்னு யாருமே கிடையாது! நீங்களா வெச்ச பேரு அது!" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

என் கோபம் தணிய அரைமணி நேரம் ஆயிற்று. தேடிப் போனபோது, கீழே காப்பிக் கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அய்யாவு இருக்கான்" என்றார், என்னைப் பார்க்காமலே. "நான் கவுண்டர்ல இருந்தப்ப ஒரு லாரி ஆக்ஸிடென்ட். கூட்டியாந்தவரு ரெண்டு ஃபார்ம் எழுதிக் குடுத்தாரு. ரெண்டுலயும் பேரு எழுதுற எடம் காலி. மத்ததெல்லாம் அச்சு அசலா ஒண்ணு. ரெண்டு தடவ எழுதிட்டாருன்னு நெனச்சு ஒண்ணத் தூக்கி ஓரமா வெச்சுட்டேன். ஒரு மணி நேரம் அவன் ஒடஞ்ச கையோட பெஞ்சுல உக்காந்திருந்தான், சேகர். அப்புறம் மெதுவா வந்து, 'அக்கா, என்னைய இன்னும் கூப்பிடலையே'ன்னான். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல லா. அதுக்கப்புறந்தான் அவன் பேரையே கேட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கிளமெண்டிக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு, இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். "சந்தேகமா இருந்தா அழிக்காதீங்க. தனியா எடுத்து வெச்சு ஒரு மனுஷங்கிட்டக் கேளுங்க" என்றார் திலகா. அதுவே தொகுப்பின் விதியாயிற்று. நோட்டில் இருந்த ஆட்களையெல்லாம் தொகுப்புக்குள்ளேயே சோதனைகளாகச் சேர்த்தேன்; இந்த இருவரின் சோதனைக்கு அவரே தலைப்பு வைத்தார்: 'அய்யாவு எங்க?'

திலகாவின் இறுதிச் சடங்கு முடிந்த அடுத்த சனிக்கிழமை, வேறெங்கும் போகப் பிடிக்காமல் அதே மாடிக்குப் போனேன். அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. கை சும்மா இருந்தால் அழுகை வரும் போலிருந்தது; தொகுப்பு மெதுவாக ஓடுகிறது என்று ரொம்ப நாளாக ஒரு புகார் இருந்ததால் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினேன். இரண்டு மடங்கு வேகம். சோதனைகளை ஓடவிட்டேன்; தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. சுப்பையா பச்சை. ஃபாத்திமா பச்சை. வரிசையாக எல்லாமே பச்சை. கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது.

அய்யாவு எங்க?

வேகத்துக்கு ஆசைப்பட்டு, ஒரே மாதிரி இருப்பதை அழிக்கும் அதே தப்பை மறுபடி செய்திருக்கிறேன். "மன்னிச்சுக்குங்க, திலகா" என்று வாய்விட்டே சொன்னேன். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவருடைய நோட்டு அவர் தங்கையிடம் பத்திரமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது இந்தக் கேள்விதான். அன்று இருட்டுவதற்குள் என் புது வரிகள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். மறுபடி ஓடவிட்டு, அய்யாவு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே எழுந்தேன்.