கழுகுக்குப் பின்னால்

பவ்லோ நாட்டைக் காட்டிக் கொடுத்தவன் என்ற கதை அஞ்சலீனாவிடம் நேராக வரவில்லை. உக்ரைன்காரரின் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற யாரோ ஒருவர் பஸ்சில் ரதீசனுக்குச் சொல்லியிருக்கிறார். ரதீசன் அதைத் தன் மனைவி கௌரியிடம் சேர்த்தான். கௌரி, வில்லரேயில், டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்க நின்ற அஞ்சலீனாவை மறித்துச் சொன்னாள்.

“அக்கா, உங்கட மேல்வீட்டு ஐஸ் ஹொக்கிக்காரன் உக்ரைன் பெடியனாம். ஆனா முந்தி ரஷ்யாவுக்கு விளையாடினவனாம். அவையள் துரோகி எண்டு கதைக்கினமாம்.”

“ஆர் அந்த அவையள்?”

“எனக்கென்ன தெரியும்? இவர்தான் சொன்னவர்.”

“உன்ர மனுசன், பனி இனிக் கொட்டாது எண்டும் போன கிழமை சொன்னவர். வெளியில பார்.”

கௌரி விழுந்து விழுந்து சிரித்தாள். அஞ்சலீனாவும் சிரித்தபடிதான் காசைக் கொடுத்தாள். வீட்டுக்கு நடக்கையில்தான் சிரிப்பு கழன்றது. துரோகி என்ற சொல்லுக்கு ஊரில் சாட்சி தேவைப்பட்டதில்லை.

அது 2005 பெப்ரவரி. மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்து அவளுக்குப் பதினான்கு வருடம். அத்தனை வருடமும் சென்ட் லோரன்ட் பகுதியில் விளையாட்டு உடுப்புத் தைக்கும் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை. ஜேர்சியின் முதுகில் பெயரும் நெஞ்சில் சின்னமும் தைப்பவள். அணி மாறியவனின் பெயரைப் பிரித்து, ஊசி ஓட்டை தெரியாமல் இன்னொருவன் பெயரை அங்கே ஏற்றுவதில் அவளை வெல்ல ஆளில்லை. ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. இந்தக் குளிரில் ஐசுக்கு மேல் ஓடவும் வேண்டுமா என்பாள்.

பவ்லோவுக்கு இருபத்துநாலு வயது. நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன அணியில் சம்பளத்துக்கு விளையாடினான். ஒன்றரை வருடமாக அவளுடைய மேல்மாடியில் வாடகைக்கு இருந்தான். விடிய அவள் கதவைத் திறக்கும்போது, படியில் கிடந்த பனியை அவன் அள்ளியிருப்பான். அவன் அவளை ‘மதாம்’ என்பான். அவள் ‘தம்பி’ என்பாள். இரண்டு பேரும் உடைந்த பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள். மற்றதெல்லாம் மீன்குழம்பு பேசியது.

அவன் கதை அவளுக்கு அந்தக் குழம்போடு தெரியவந்தது. அவன் ஊரில் ஹொக்கி மைதானத்தில் ஐஸ் உறைய வைக்க மின்சாரம் இல்லாமல் போன காலம். அங்கே சப்பாத்தும் கையுறையும் திருத்துகிற அவன் தகப்பன், பதினாலு வயதில் அவனை மொஸ்கோ ரயிலில் ஏற்றிவிட்டார். பதினெட்டு வயதில் ரஷ்ய இளையோர் அணி சிவப்பு ஜேர்சியை நீட்டியது. அவன் போட்டுக்கொண்டான். அந்தக் கோடையில் ஜேர்சியோடு வீட்டுக்குப் போனான். தகப்பன் பேசவில்லை. ஆறு வருடமாகப் பேசவில்லை. இடையில் நின்று பேசத் தாயும் உயிரோடு இல்லை.

இப்போது கீவிலிருந்து அழைக்கிறார்கள். அங்கே போய்ச் சில வருடம் ஆடினால், உக்ரைனின் ஜேர்சியைப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை உக்ரைன் கோயில்காரர்கள் நாலு பேர் அவர்கள் சார்பில் பதில் கேட்க வருகிறார்கள்.

“அப்பா வா என்றால் போவேன், மதாம். அவர் சொல்லாமல் எந்த முகத்தோடு போவது?”

அந்த நாலு பேரும் இருந்து பேச அஞ்சலீனா தன் பேஸ்மென்ட் மேசையைத் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை மேசை துடைக்க இறங்கியவளின் கண்ணில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அவனுடைய பழைய பை பட்டது. உள்ளே அந்தச் சிவப்பு ஜேர்சி. நெஞ்சில் ரஷ்யாவின் இரட்டைத்தலைக் கழுகு.

தொண்ணூறாம் ஆண்டு, சுற்றிவளைப்புக்கு முதல்நாள், தம்பி டனிஸ்ரனின் படங்களை எல்லாம் அவள்தான் அடுப்பில் போட்டாள். படத்தில் யார் யாரோடு நின்றான் என்று ஆமிக்காரர் கேட்பார்கள். தம்பி தப்பினான். இப்போது லண்டனில் இருக்கிறான். இருபது வயதில் தன் முகம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படமும் இல்லை என்று குறைப்படுவான். உயிர் இருக்கிறதே என்று இவள் ஏசுவாள்.

தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். கழுகைக் கழற்றிவிட்டால் அது வெறும் சிவப்புச் சட்டை.

கழுகின் வலது செட்டை சுகமாகப் பிரிந்தது. இடதில் கத்தி தடக்கியது. அங்கே மெஷின் தையல் இல்லை. யாரோ முன்னமே பிரித்து, கையால் மூடித் தைத்திருக்கிறார்கள். அதையும் அறுத்துத் தூக்கினாள். கழுகுக்குப் பின்னால், நெஞ்சு படுகிற இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு துணி. மேலே நீலம், கீழே மஞ்சள்: உக்ரைன் கொடி.

“மதாம்! என்ன செய்கிறீர்கள்?”

பவ்லோ படியில் நின்றான்.

“ஒளிக்கிறன், தம்பி. நாளைக்கு வாறவை கண்டா…”

“அவர்களுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். இன்டர்நெட்டில் படம் கிடக்கிறது. அதையும் பிரிப்பீர்களா?” அவன் படியிறங்கி வந்தான். “அதைப் போட்டது நான்தான். நான் மறைக்கவில்லையே.”

அஞ்சலீனாவுக்குக் கண் முட்டியது. கேட்காமல் தொட்டது தன் பிழைதான். மன்னிப்புக் கேட்க வாயில் பிரெஞ்சு வரவில்லை. துணியை மட்டும் அவன் பக்கம் திருப்பினாள்.

“இது நீ வைச்சதோ?”

அவன் குனிந்து பார்த்தான். இல்லையென்று தலையாட்டினான்.

“தையல்காரற்ற கையில்லை இது. மெழுகு நூல். தோல் தைக்கிற ஊசி. பார், மூலைக்கு மூலை ரெண்டு முடிச்சு.”

அவன் முடிச்சைப் பெருவிரலால் தடவினான். வெகுநேரம் தடவினான்.

“கையுறைகளை அப்பா இப்படித்தான் தைப்பார்,” என்றான். பிறகு மெல்ல, “அந்தக் கோடையில் ஒருநாள் இதைத் தோய்த்து, மடித்து, என் கட்டிலில் வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு போய்விடு என்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாளே போய்விட்டேன்.”

அஞ்சலீனா மேலே ஓடி, மன்னாருக்குப் பேச வைத்திருந்த ரெலிபோன் கார்டைக் கொண்டுவந்தாள்.

“அப்பாவுக்கு எடு. இப்பவே எடு.”

“என்ன சொல்வது?”

“ஒண்டும் சொல்லாத. துணியைக் கண்டிட்டன் எண்டு சொல்லு. மிச்சம் அவர் சொல்லுவார்.”

பேஸ்மென்ட் போனில் நீளமான இலக்கத்தை அவன் இரண்டு தரம் பிழைத்து, மூன்றாம் தரம் சரியாக அழுத்தினான். அங்கே பின்னேரம். மணி அடிக்கத் தொடங்கியது. மூன்று, நாலு. அவன் அவளைப் பார்த்தான்.

“போனை வையாத. வயசுபோன மனுசன், எழும்பி வர நேரம் எடுக்கும்.”

ஏழு. எட்டு. இருவருக்கும் கேட்கட்டும் என்று அவன் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தான். அஞ்சலீனா குனிந்து காது வைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.