காப்புக் கட்டியதால் தள்ளிப்போட்ட ஸ்கேன்

என் மருமகள் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள், இரண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடி. ஒன்றின் ரத்தம் மற்றதுக்குப் போய்விடக்கூடும், இரண்டு வாரத்துக்கொரு ஸ்கேன் கட்டாயம் என்று கோவை டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஐந்தாம் மாதம் எங்கள் ஊரில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டினார்கள். அவளுக்கும் சேர்த்துக் காப்புக் கட்டினோம். கட்டியவர்கள் நோம்பி முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. நடுவில் ஸ்கேன் நாள் வந்தது.

"நோம்பி முடியட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கேன் நாள் தாண்டி மூன்றாம் நாள், "வயிறு கல்லாட்டம் இறுகுதுங்க அத்தை" என்றாள். போனால் சாமி குத்தம், இருந்தால் குழந்தைகள் என்னாகுமோ. கையில் கட்டிய கயிறு காலையும் கட்டிவிட்டதுபோல் நின்றேன்.

"காப்பு நமக்குத்தானுங்க. உள்ள இருக்கறதுக்கு யாருங்க கட்டுனா?" என்றாள்.

இரண்டு காப்பையும் அவிழ்த்து சாமி படத்தடியில் வைத்துவிட்டு, கார் பிடித்துப் போனோம். டாக்டரம்மா பயந்தபடியே ஒன்றின் ரத்தம் மற்றதுக்குப் போகத் தொடங்கியிருந்தது; மறுநாளே அந்த ரத்தக்குழாய்களை அடைக்க லேசர் சிகிச்சை செய்தார்கள். பேத்திகள் இருவரும் இப்போது தவழ்கிறார்கள்.

இப்போதெல்லாம் நோம்பி சாட்டியதும், மாசமாயிருக்கும் பெண்கள் உள்ள வீடுகளுக்கு நானே போய், அவர்களுக்குக் காப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறேன்.