இரண்டு விரல்

பாலகோபால் வாத்தியாருக்கு யார் முகத்துக்கு நேராகவும் 'இல்லை' என்று சொல்ல வராது. கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஓர் ஓட்டுப் பள்ளிக்கூடம். அதற்குத் தலைமையாசிரியரும் அவரே, உதவியாசிரியரும் அவரே. பெருக்கல் வாய்ப்பாடு தலைகீழாக நின்றாலும் ஏறாத பையனின் தகப்பனிடம், "இன்னுங் கொஞ்சம் படிச்சான்னா எங்கியோ போயிருவானுங்க" என்று சொல்லி அனுப்புவார். இப்படிப்பட்டவரை மொழிபெயர்க்கச் சொன்னால் என்ன ஆகும்? ஆனது.

1963இல் மார்ட்டின் வந்தான். சம்பளம் வாங்காமல் இங்கிலீஷும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து வந்த இளைஞன். ஊர் கூடிவிட்டது. அவன் தங்கப்போகிற வீட்டுக்காரி பங்காரம்மாதான் முதல் கேள்வியைப் போட்டாள்.

"எத்தன நாளைக்குங்க இருப்பாரு?"

கேட்டதில் தப்பில்லை. பாலகோபாலைத் தவிர அந்த ஊருக்கு வந்த வாத்தியார்கள் எல்லாம் வந்த சூட்டோடு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர்கள்தான். மார்ட்டின் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, இரண்டு வருஷம், அதற்கு மேல் இருக்க முடியாது என்று இங்கிலீஷில் சொன்னான். பாலகோபால் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை முகமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க போங்கன்னு சொல்ற வரைக்கும் இருப்பாராமுங்க."

ஊரே கை தட்டியது. மார்ட்டினும் சேர்ந்து தட்டினான், பாவம்.

அதற்கப்புறம் நிறுத்த வழியில்லை. 'நான் போன பிறகு' என்று மார்ட்டின் ஆரம்பித்தால், அது 'அடுத்த வருஷம்' என்று தமிழில் வந்து விழும். பங்காரம்மா தன் தோட்டத்தில் அவன் கையால் ஒரு தென்னம்பிள்ளை நடச் சொன்னாள். காய்க்க அஞ்சாறு வருஷமாகும் என்று அவள் சொன்னதை மட்டும் பாலகோபால் முழுங்கிவிட்டார்.

சாயங்காலமானால் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசியபடியே நடப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு இன்னோர் அறை கட்ட வேண்டும், அதில் விஞ்ஞானச் சாமான் வைக்க வேண்டும் என்று பாலகோபால் திட்டம் போடுவார். அத்தனை வருஷம் பேச ஆளில்லாமல் கிடந்த மனுஷன். அவருக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்பது மார்ட்டினுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. ஆண்டு விழா என்று சொல்லி ஊரைக் கூட்டினார் பாலகோபால். விழா முடிகிற நேரத்தில் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணம். மார்ட்டின் எழுந்து, நாளைக்குக் கிளம்புகிறேன், இவர்களிடம் சொல்லுங்கள் என்றான். பாலகோபால் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"வந்துங்க... மார்ட்டின் சார் என்ன சொல்றாருன்னாங்க... இந்த வருஷம் மழை..."

யாரும் சிரிக்கவில்லை. பங்காரம்மா எழுந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, நாளைக்கு ரயிலு எத்தன மணிக்குங்க?"

எந்த ரயில்? யாருக்கு? பாலகோபாலுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. எண்ணெயில் சுட்ட கச்சாயப் பலகாரத்தின் வாசனை வந்தது. பின்வரிசையில் ஒருவர் சாமந்தி மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவேளை மார்ட்டினே சொல்லிவிட்டானோ? அவனைத் திரும்பிப் பார்த்தார். அவனும் இவரைப் போலவே முழித்துக்கொண்டிருந்தான்.

"ஆருங்க உங்களுக்குச் சொன்னது?"

"ஆரு சொல்லோணும்? மொத நாளே ரெண்டு வெரலத் தூக்கிக் காட்டினாருங்களே. நாளையோட ரெண்டு வருஷம் முடியுதுங்க. நாம போகச் சொல்ற வரைக்கும் இருக்கறவருக்கு ரெண்டு வெரலு எதுக்குங்க?"

"அப்பறம் ஏனுங்க ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க அத்தன ஆசையாச் சொன்னீங்க. எப்படிங்க கேக்கறது?"

பாலகோபாலுக்குத் தலை சுற்றியது. இரண்டு வருஷமாக இவர் ஊரை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஊர் இவர் மனசு நோகக்கூடாதென்று தெரியாத மாதிரி இருந்திருக்கிறது. அப்படியானால் இவர் சொன்னதை நம்பிய ஆள் யார்? எண்ணிப் பார்த்தால் இவர் ஒருவர்தான் தேறினார்.

"அப்ப அந்தத் தென்னம்புள்ள?" என்றார், அசட்டுத்தனமாக.

"அவரு நட்டாரு, எளநிய நீங்க குடிங்க. காய்க்கற வரைக்கும் நீங்களாச்சும் மாத்தல் கேட்டுப் போயறாதீங்க."

மார்ட்டின் அவர் முழங்கையைத் தொட்டு, இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டான். பழக்க தோஷத்தில் பாலகோபால் ஒரு நல்ல பதிலாகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பூசி மெழுகாமல் இங்கிலீஷில் சொன்னார்.

"நீ நாளைக்குப் போகிறாய் என்கிறார்."

அந்த வாக்கியத்தை எந்த மொழியிலும் அவர் அதுவரை சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் பாலகோபால் வாத்தியார் அழுதுவிட்டார். பங்காரம்மா மூட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.