ட்ராஃபிக் என்று எழுதமாட்டேன்

யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் தான் திட்ட முகாமைத்துவத்தில் பட்டம் படிப்பதாகச் சொன்னால், கேட்பவர்கள் முதலில் முழிப்பார்கள். பிறகு, "அது சரி, சீமா கணக்கியல் சோதனை எப்ப எடுக்கப் போறீர்?" என்பார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் கணக்கியல் படித்த பிள்ளைகளை மட்டும் வைத்தே ஒரு வங்கி திறந்திருக்கலாம். என் படிப்பின் பெயரைச் சொல்லவே அம்மாவுக்கு வெட்கம். யாராவது விசாரித்தால் "மனேஜ்மென்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதையை மாற்றிவிடுவார்.

எனக்கோ அந்தப் படிப்பில் ஒரு வெறி இருந்தது. நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் இருந்துகொண்டு, அடுத்த மாதம் எந்த வேலை எந்த நேரத்தில் தொடங்கும், எதற்குப் பிறகு எது வரும் என்று கோடு போட்டு வைப்பதில் ஒரு திமிர் இருக்கிறது. அந்தத் திமிர் எனக்கு வேண்டியிருந்தது.

கடைசி ஆண்டில், பிந்த முடியாத ஒரு நாளைக் கொண்ட உண்மையான நிகழ்வொன்றைத் திட்டமிட்டு, நடத்தி முடித்து, பிறகு வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இருவர் முன் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் தவறினால் பட்டம் இல்லை. வகுப்பில் மற்றவர்கள் இசை நிகழ்ச்சி, கிரிக்கெட் போட்டி என்று எடுத்தார்கள். நான் என் அக்காவின் கலியாணத்தை எடுத்தேன். மாப்பிள்ளை கனடாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வருகிறார். மண்டபம் வெள்ளவத்தையில், முகூர்த்தம் ஞாயிறு காலை ஒன்பதரைக்கு. முகூர்த்தத்தைவிடப் பிந்த முடியாத ஒன்று உலகத்தில் இருந்தால் சொல்லுங்கள்.

கூறைச்சேலையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அவர்கள் தங்கியிருந்தது மண்டபத்துக்கு அடுத்த ஒழுங்கை, நடந்தே வந்துவிடுவார்கள். ஆபத்தான வேலை ஒன்றே ஒன்றுதான்: மணப்பெண்ணைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கு மூன்று மணித்தியாலம் என்று எழுதினேன். ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. காரணம்: சோதனைச் சாவடிகள். வாடகை வான் வண்டியில் இருப்பவர்கள் தமிழர். அடையாள அட்டைகளில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

எங்கள் விரிவுரையாளர் வளைகுடா நாடுகளில் பெரிய கட்டடங்களைக் கட்டி முடித்துவிட்டு வந்த சிங்களவர். கெட்ட மனிதர் அல்ல. என் திட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். அரை மணிப் பயணத்துக்கு மூன்று மணித்தியாலமா, நேரத்தை இப்படி ஊதிப் பெருப்பிக்கலாமா என்றார். தேவைதான் என்றேன். சரி, நேரத்தை வைத்துக்கொள், காரணத்தை மாற்று, ட்ராஃபிக் என்று எழுது, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இந்தப் பிரதிகளை யார் யாரோ பார்ப்பார்கள், உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

அவர் பயந்தது எனக்காகவா தனக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுக்குமாக இருக்கலாம். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறு விடியற்காலையில், வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதியில் என்ன ட்ராஃபிக்? காகங்களா? மூன்று வருடமாக இதே மனிதர்தான் மதிப்பீடு உண்மையாக இருக்க வேண்டும் என்று பலகையில் எழுதி எழுதிச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தவர். மாற்றமாட்டேன் என்றேன். அப்படியானால் கையெழுத்து இல்லை, வைவாவில் உன் பாடு என்றார்.

வீட்டில் அம்மா வாயில் அடித்துக்கொண்டார். "ஒரு சொல்லுக்காகப் பட்டத்தைக் கெடுக்கிறியே? ட்ராஃபிக் எண்டு எழுதிப்போட்டுப் போவன். உன்ர அந்த ரெண்டு வரியை ஆர் கேட்டது?"

"எழுதமாட்டன் அம்மா."

"உனக்கு விசர்."

"ஓம், விசர்தான்."

அக்காவுக்கு வேறு கவலை. என் திட்டப்படி அவள் மூன்று மணிக்கே எழும்ப வேண்டும். "நடுச்சாமத்தில ஆர் எனக்குத் தலை இழுக்கிறது? மணவறையில நான் கொட்டாவி விட்டால் நீதான் பொறுப்பு," என்றாள். அதையும் திட்டத்தில் சேர்க்கவா என்று கேட்டேன். சீப்பால் எறிந்தாள்.

கலியாணத்தன்று எல்லாம் கோட்டில் போட்டபடி தொடங்கியது. அலங்காரக்காரி பக்கத்துத் தெருக்காரி, சொன்ன நேரத்துக்கு வந்தாள். அக்காவின் புருவம் வில்லாக வந்தது, கன்னம் சிவந்தது, கொண்டையில் பூ ஏறியது. வழக்கமாகப் போடும் தடித்த மூக்குக்கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வில்லை போட்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கே அவளை இன்னார் என்று மட்டுக்கட்ட ஒரு கணம் பிடித்தது. ஐந்தரைக்கு அம்மா, அக்கா, நான், அலங்காரக்காரி எல்லோரும் வானில் ஏறினோம். வான் ஓட்டும் முஸ்லிம் நானா பிஸ்மி சொல்லி ஸ்டார்ட் எடுத்தார்.

முதல் சாவடியில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். கோட்டையைத் தாண்டியதும் இரண்டாவதில் எல்லோரையும் இறக்கினார்கள். எங்களுக்கு முன்னால் போன கார் சிங்களக் கலியாண வீட்டாருடையது போலும், கண்ணாடியை இறக்கி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டது. நாங்கள் வீதியோரத்தில் அட்டைகளை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். அம்மாவினது சரி, என்னுடையது சரி. அக்காவின் அட்டையைப் பெண் பொலிஸ் வாங்கினார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"மே ஒயாத?" இது நீயா என்று கேட்டார்.

அட்டையில் இருந்தது பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை. இரட்டைப் பின்னல், எண்ணெய் வழியும் நெற்றி, சோடாப்புட்டிக் கண்ணாடி. எதிரில் நின்றது கல்லட்டியல் போட்ட மணப்பெண். அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. முழுத் திட்டத்திலும் வரிசை பிழைத்திருந்தது. முகத்தை மாற்றிவிட்டுத்தான் முகத்தைக் காட்டும் இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன்! இந்த ஊரில் எங்களைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு பிழை விடக் கிடைக்கும்?

நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கலியாணம், முகூர்த்தம் என்று விளக்கினேன். அழைப்பிதழைக் காட்டினேன். அழைப்பிதழில் படம் இல்லையே என்றார் ஒரு பொலிஸ்காரர். யாரோ யாருக்கோ போன் எடுத்தார்கள். ஓரமாக நில்லுங்கள் என்றார்கள். வெயில் ஏறத் தொடங்கியது, எங்களுடைய நேரம் கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் அந்தப் பெண் பொலிஸ் திரும்பி வந்து, அக்காவை நங்கி, தங்கச்சி, என்று கூப்பிட்டு, மேலிடத்தில் ஆளை நிச்சயப்படுத்தச் சொல்கிறார்கள், முகத்தைக் கழுவு என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா அழத் தொடங்கினார். அக்கா அழவில்லை. என்னிடம் கையை நீட்டி, "தண்ணிப் போத்தலைத் தா," என்றாள். வீதியோரத்தில், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி குனிந்து முகத்தைக் கழுவினாள். இரண்டு மணித்தியால அலங்காரம் வடிகான் பக்கமாக வழிந்து ஓடியது. அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தச் சாவடியில் நின்ற எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னாள்.

"தென் பலன்ன." இப்போது பாருங்கள்.

யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். வானில் ஏறியதும் வான்கார நானா அம்மாவிடம், "அழாதீங்க உம்மா, நேரம் இருக்கு," என்றார். நேரம் இருந்தது. நான் ஊதிப் பெருப்பித்ததாகச் சொல்லப்பட்ட அதே நேரம். மண்டபத்தின் பின்னறையில் அலங்காரக்காரி புருவத்தை மறுபடி எழுதினாள். ஒன்பதரைக்கு மேளம் கொட்டியது. என் அக்கா மணவறையில் கொட்டாவி விடவில்லை.

வைவாவில் எங்கள் விரிவுரையாளருடன் வெளியிலிருந்து வந்த பரிசோதகர் ஒருவரும் இருந்தார், நரைத்த தலையுடன் ஒரு அம்மையார். திட்டத்தில் என்ன பிழை நடந்தது என்று கேட்டார். அலங்காரத்தைப் பயணத்துக்கு முன்னால் வைத்தேன், அது பின்னால் வந்திருக்க வேண்டும், பயணத்துக்கு ஒதுக்கிய நேரம் கிட்டத்தட்ட முழுவதும் செலவானது என்றேன். அவர் காரணப் பகுதிக்கு விரலைக் கொண்டுபோனார். இதற்கு ஏன் உங்கள் விரிவுரையாளர் கையெழுத்திடவில்லை என்று கேட்டார். ட்ராஃபிக் என்று எழுதச் சொன்னார், நான் மறுத்தேன் என்றேன். விரிவுரையாளர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி எழுதியிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்? நேரம் அதே நேரம்தானே?" என்றார் அம்மையார். என்னைச் சோதிக்கிறாரா, உண்மையாகத்தான் கேட்கிறாரா என்று தெரியவில்லை. எதுவானாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"ட்ராஃபிக் யாரையும் இறக்கி முகம் கழுவச் சொல்வதில்லை, மேடம்."

பிறகு விரிவுரையாளர் யன்னலிலிருந்து திரும்பி, என் திட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்து இல்லாமல் கிடந்த பக்கத்தைப் புரட்டி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிவப்பு அல்ல, நீலம்.