அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை

அவன் இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் களவாகத் தோணியில் வந்தவன். தேயிலைத் தோட்ட லயத்தில் எனக்கிருந்த ஒற்றையறைக் காம்பராவில் இடம் கொடுத்தேன். தாலி கட்டாமலே குடும்பம் நடத்தினோம். சமைத்துப் போட்ட என்னையே குடித்துவிட்டு அடித்தான். "போயிரு" என்று நான் சொன்ன அன்று, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை என் கழுத்தில் வைத்தான்.

"அவன் கள்ளத்தோணின்னு பொலிஸ்ல சொல்லு புள்ள. இந்தியாவுக்கே கப்பலேத்திருவாங்க" என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா. விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போகாமல் பதுளைக்கு பஸ் ஏறினேன்.

பொலிஸ் நிலையத்துக்கு எதிரே மனு எழுதும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"கலியாணம் பதிஞ்சனீங்களோ?"

"இல்லைங்க."

"காம்பரா ஆற்ற பேரில?"

"என் பேருலங்க."

"அப்ப பிரியிறதுக்கு வழக்குத் தேவையில்லை, பிள்ளை. கத்தி வச்சதைச் சொல்லி, அவனை வெளியேத்தச் சொல்லு. கள்ளத்தோணியெண்டு மட்டும் வாய் திறந்திடாதை. உனக்குப் பிரஜாவுரிமை இருக்கோ?"

இல்லை. இந்தத் தோட்டத்திலேயே பிறந்த எனக்கு, மனுப் போட்டும் கொடுக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் என்னிடமும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்பார்கள்.

கத்தியை மட்டும் சொன்னேன். பொலிஸ்காரர் லயத்துக்கு வந்து கத்தியைப் பறித்தார். திரும்பி வந்தால் மறியலில் அடைப்பேன் என்று அவனை விரட்டினார்.

மூட்டையோடு நின்றவன் மெதுவாகக் கேட்டான்: "நான் கள்ளத்தோணிங்கறத ஏன்டி சொல்லல?"

"ஒனக்காக இல்லடா. கடைக்குப் போனா என்னையும் அப்படித்தான் கூப்புடுறானுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவனை இன்றும் நான் மன்னிக்கவில்லை. அந்தச் சொல்லையும்தான்.