அண்ணியின் அசையும் கட்டங்கள்

அந்தக் கல்லின் மேல் முதலில் கால் வைத்தவள் நான்தான்.

நிலத்துப் பட்டாவில் பெயர் மாற்றுவதற்காக நானும் அண்ணியும் திருவள்ளூர் போயிருந்தோம். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வழியில் ஒரு பழைய அச்சகத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி நின்றிருந்த அதன் முன்கூரைக்குக் கீழே ஒதுங்க ஓடினோம். வாசல் முழுக்கச் சேறு. அதைத் தாண்டுவதற்கு யாரோ ஒரு கனமான பலகைக் கல்லைப் போட்டிருந்தார்கள். நான் மிதித்து ஏறிவிட்டேன். பின்னால் வந்த அண்ணி ஏறவில்லை. மழையிலேயே குந்திக்கொண்டு கல்லின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, நனையறியே?"

"இது சும்மா கல்லு இல்லடி. புரட்டணும். ஒரு கை குடு."

எங்கள் இரண்டு பேராலும் அதை அசைக்கக்கூட முடியவில்லை. இடிக்கிற ஆட்கள் வந்து கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். அடிப்பக்கம் வழவழவென்று, பழுப்பேறிய பால் நிறத்தில் இருந்தது. மழை சேற்றைக் கழுவக் கழுவ, ஒரு பசுமாடும் 'சுத்தமான நெய்' என்ற எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தன. எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிக் கிடந்தது. அண்ணி சத்தமாகச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அண்ணி பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள். மீன்பிடிக் குடும்பம். அங்கிருந்து சென்னைக்குப் போய் ஓவியக் கல்லூரியில் அச்சோவியம் படித்தாள். அதிலும் அவள் உயிரை விட்டது லித்தோகிராஃபுக்கு. கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைய வேண்டும். பிறகு கல்லை ஈரமாக்கி அச்சு மையை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். மேலே காகிதம் வைத்து அழுத்தி எடுக்க வேண்டியதுதான். கேட்க எளிது. ஆனால் அதற்கென்றே உள்ள கல் வேண்டும், கல்லை அழுத்துகிற மெஷின் வேண்டும். படிப்பு முடிந்ததும் அவளுக்கு இரண்டும் இல்லாமல் போயிற்று. என் அண்ணன் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் டெக்னீஷியன். அவனைக் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி பக்கம் வந்தவள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்தாள்.

ஆனாலும் வரைவதை விடவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், வளையங்கள், கோடுகள். சாமி இல்லை, பெண் முகம் இல்லை, பூ கூட இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் சார்ட் பேப்பர் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். இதற்கு ஆப் ஆர்ட் என்று பெயர், கண்ணை ஏமாற்றி அசைய வைக்கிற கலை என்று எனக்குச் சொல்லித்தந்தாள். படுக்கையறைச் சுவரில் ஒட்டிய மறுநாளே அண்ணன் பாயைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டான். "செவுரு நடக்குதும்மா, எப்டி தூங்கறது?" என்றான்.

நாங்கள் மழையில் ஒதுங்கிய அந்த இடத்தில் மேஸ்திரியிடம் அண்ணி கேட்டாள்: "இந்தக் கல்லு இருந்திச்சின்னா மெஷினும் இருந்திருக்கணுமே. எங்க அது?"

"அதுவா? அது அப்பவே உருக்கறதுக்குப் போய்டிச்சிம்மா. கும்முடிப்பூண்டிக்குத்தான்."

எங்கள் ஊர் உலைக்கே போயிருக்கிறது. பழைய இரும்பெல்லாம் வந்து சேர்கிற இடம்தானே எங்கள் ஊர். அண்ணியின் கை இன்னும் கல்லின் மேலேயே இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மெஷின நான் செஞ்சி தரேன் அண்ணி."

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் சூப்பர்வைசர். டிப்ளமோ மெக்கானிக்கல். கன்வேயர், டிராலி, ஸ்டாண்டு என்று கேட்டதையெல்லாம் வெட்டி, வெல்டு பண்ணிக் கொடுக்கிற இடம். லித்தோ மெஷினை நான் அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை.

கல்லை இலவசமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார் மேஸ்திரி. இடித்த கம்பிகளை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊருக்குக் கிளம்பிய வேனிலேயே அதையும் ஏற்றினோம். பெரியபாளையம் வழியாக வருகிற வரைக்கும் அண்ணி திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எங்கள் முதலாளி ஆந்திரா எல்லைப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாப்பின் ஒரு மூலையைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டேன். கழித்துப் போட்ட கன்வேயர் உருளைகளையும், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற உடைந்த வைஸ் ஒன்றின் திருகுக் கம்பியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணி நினைவிலிருந்து வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து நான் சட்டம் அடித்து, பக்கத்தில் பெரிய கைச்சக்கரம் மாட்டியபோது வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கரும்பு ஜூஸ் மெஷினா?"

"இல்ல சார், படம் அச்சடிக்கிறது."

"ஜூஸ் வந்தாலும் வரும் போல கீதேம்மா," என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு புது பேரிங் வாங்கி மேசை மேல் வைத்திருந்தார்.

இந்தப் பக்கம் நான் இரும்போடு மல்லுக்கட்டியபோது, அந்தப் பக்கம் அண்ணி கல்லோடு மல்லுக்கட்டினாள். பசுமாடும் நெய்யும் போகிற வரை மணலும் தண்ணீரும் போட்டு அரைத்தாள். பிறகு வரைய உட்கார்ந்தாள். சாய்சதுரக் கட்டங்கள், ஒன்றை ஒன்று ஒட்டி, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி. ஓரத்தில் சின்னதாக, நடுவுக்குப் போகப் போக விரிந்து, வளைந்து, ஒரு பக்கமாகச் சரியும். கை வியர்வை கல்லில் பட்டால் அதுவும் மையைப் பிடித்துக்கொள்ளும் என்று மணிக்கட்டுக்குக் கீழே ஒரு மரப்பாலம் வைத்துக்கொண்டாள். மை காய்ந்துவிடுமென்று ஃபேனைப் போடவிடமாட்டாள். வெயில் காலத்தில் அந்த அறைக்குள் போனால் இட்லிச் சட்டிக்குள் போன மாதிரி இருக்கும். அவள் பாட்டுக்கு வரைந்துகொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் முடிந்து வந்து வரைவாள், அண்ணன் டீ போட்டு வைத்தால் அது ஆறிப்போகும்.

மெஷினைப் பிரித்து எடுத்துவந்து வீட்டுப் பின்புறக் கொட்டகையில் மறுபடி பூட்டினோம். கல் மெஷினின் படுக்கைத் தகட்டில் ஏறியது. கல்லின் மேல் காகிதம், அதற்கு மேல் கொழுப்புத் தடவிய பிளாஸ்டிக் தகடு, அதற்கும் மேல் தோல் கட்டிய ஒரு மரக்கட்டை. கட்டையைத் திருகி இறக்கி, சக்கரத்தைச் சுற்றினால் கல் அதற்கு அடியில் ஊர்ந்து போக வேண்டும். நான் சுற்றினேன். பாதி தூரம்தான் போயிருக்கும்.

படார் என்று ஒரு சத்தம்.

அண்ணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கல் சமமாக உட்காராவிட்டால் அழுத்தத்தில் இரண்டாகப் பிளந்துவிடும் என்று அவள்தான் முன்பே பயமுறுத்தியிருந்தாள். அத்தனை நாள் வரைந்தது, அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்தது, எல்லாம் என் கையால் போயிற்று என்று நினைத்தேன். அழுத்தத்தைத் தளர்த்திக் கட்டையைத் தூக்கினேன். கட்டை என் கையில் இரண்டு துண்டாக வந்தது. கல்லில் ஒரு கீறல் இல்லை.

"கட்டை அண்ணி! கட்டைதான் ஒடைஞ்சிச்சி! கல்லு அப்டியே கீது!"

அவள் விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஷாப்பிலிருந்து டயல் கேஜ் கொண்டுவந்து கல்லை அளந்து பார்த்தேன். ஒரு முனை தடிப்பாக இருந்தது. முதுகுப்பக்கத்தை அரைத்துச் சமமாக்கினேன். வண்டிச் சட்டத்துக்குப் போடுகிற கெட்டி மரத்தில் புதுக் கட்டை இழைத்தேன். இந்தத் தடவை கல் நல்லபடியாக ஊர்ந்து போனது, படமும் வந்தது. ஆனால் கோடுகளுக்கு நடுவில் வெள்ளை அடைத்துக்கொண்டு, எல்லாம் கரி பூசினாற்போல இருந்தது. எங்கள் ஊர் வெயில் கல்லை ஈரமாக இருக்க விடவில்லை.

"கல்லூரியில ரெண்டு பேரு வேலை செய்வோம். ஒருத்தரு மை, ஒருத்தரு ஸ்பாஞ்சு," என்றாள் அண்ணி. "இங்க நீ சக்கரத்துல நிக்கற. ஸ்பாஞ்சுக்கு ஆள் இல்ல."

அண்ணன் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.

"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் என்ன பாக்கறீங்க? பேஜாரு புட்ச்ச வேலையெல்லாம் எனக்கு வராது," என்றான். சொன்னானே தவிர, மறுநாள் விடியற்காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் கொட்டகைக்கு வந்து நின்றவன் அவன்தான்.

வெயில் ஏறுவதற்கு முன்பாகவே ஆரம்பித்தோம். அண்ணன் கல்லைத் துடைத்தான், கண்ணாடி துடைக்கிற மாதிரி அவ்வளவு மெல்ல. ஈரம் காய்வதற்குள் அண்ணி உருளையை ஓட்டினாள். திரும்ப ஈரம், திரும்ப மை. காகிதம் வைத்தோம். நான் சக்கரத்தைச் சுற்றினேன். அண்ணி காகிதத்தின் இரண்டு முனையையும் பிடித்து, தூங்குகிற பிள்ளையின் போர்வையை எடுப்பதுபோலத் தூக்கினாள்.

எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. காகிதம் தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் நடுவிலிருந்து ஏதோ ஒன்று எங்களை நோக்கிப் புடைத்துக்கொண்டு வந்தது. நான் தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்ந்தது. ஒவ்வொரு கட்டத்தின் முனையும் ஊசி மாதிரி கூராக இருந்தது. கறுப்பு அப்படி ஒரு கறுப்பு.

"வந்திடிச்சி," என்றான் அண்ணன்.

அன்று மத்தியானம் பழவேற்காட்டிலிருந்து அண்ணியின் அம்மா மீன் கொண்டுவந்திருந்தார். ஏரியிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். மகள் என்னத்தைப் படித்தாள் என்று அவருக்கு யாரும் புரியவைத்ததில்லை. கூடையை இறக்கிவிட்டுக் கொட்டகைக்குள் வந்தவர், கொடியில் காயப்போட்டிருந்த படத்துக்கு முன்னால் நின்றார். ஓரடி பின்னால் போனார். திரும்பவும் பக்கத்தில் வந்தார்.

"ஏய், இது வலைடி."

அவர் படத்தின் நடுவைக் காட்டினார்.

"உள்ள மீனு கீது. பெர்சு. பாரு, வலை உப்பிக்கினு வருது. இந்தப் பக்கம் திரும்புது பாரு!" தண்ணீருக்குள் வலையை இழுப்பதுபோல அவர் கை தானாக அசைந்தது.

அண்ணி அழ ஆரம்பித்துவிட்டாள். இது வலையிலிருந்து வந்த படம் என்று அவள் எங்கள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. சின்ன வயதில் படகில் குப்புறப் படுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் வலைக் கண்கள் விரிவதையும் சுருங்குவதையும் பார்த்தபடி இருப்பாளாம். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். நான் மீன் கூடையைப் பூனையிடமிருந்து காப்பாற்றினேன்.

இருபது பிரதிகள்தான் என்று அண்ணி முன்பே முடிவு பண்ணியிருந்தாள். இருபதும் ஒரே மாதிரி வரும்வரை அடித்தோம். மங்கியவற்றைக் கிழித்துப் போட்டாள். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டாள்.

"அச்சடிச்சவங்க முத்திரையும் வைக்கணும். அதான் மொறை. உன்னோடது எங்க?"

"நான் இன்னா அண்ணி, சக்கரம் சுத்தினேன்."

"மெஷினு செஞ்சது யாரு? ஒழுங்கா ஒரு முத்திரை செஞ்சினு வா நாத்தனாரே."

எஃகுத் துண்டில் என் பெயரின் முதல் எழுத்தை வெட்டி, மை இல்லாமல் காகிதத்தின் மூலையில் அழுத்துகிற பஞ்ச் ஒன்று செய்தேன். விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். இருபது படத்திலும் வைத்தேன்.

அதற்கப்புறம் கல்லைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக எல்லோரும் சேர்ந்து நகர்த்தினோம். அண்ணி அதன் மேல் மணலைக் கொட்டினாள். அண்ணன் பதறிப்போனான்.

"இன்னாத்துக்கு அழிக்கிற? இன்னும் நூறு அடிக்கலாமே!"

"இருபதுன்னு சொல்லிட்டேன் இல்ல. இனி இது கிடையாது. அடுத்தத வரையணும், கல்லு வேணும்." சொல்லிக்கொண்டே வட்டம் வட்டமாக அரைத்தாள். கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அவளுக்குத் துளிகூட வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இதைப் போல இன்னொன்று தன்னால் முடியும் என்று தெரிந்தவள் அப்படித்தான் இருப்பாள் போல.

சென்னையில் ஓர் அச்சோவியக் கண்காட்சி. பல மாநிலங்களிலிருந்தும் படங்கள் வந்திருந்தன. அண்ணியின் படம் தேர்வாகியிருந்தது. அவள் அம்மா, அண்ணன், நான், முதலாளி எல்லோரும் போனோம். உள்ளே நுழைந்ததுமே எங்கள் படம் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தது. ஒரு குட்டிப்பெண் தொட்டுப் பார்க்கக் கையை நீட்ட, அவள் அப்பா பிடித்து இழுத்தார்.

முதல் பரிசு அண்ணிக்கு என்று அறிவித்தபோது அவள் அம்மா எழுந்து நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. மேடையில் ஒரு நடுவர் அண்ணியிடம் கேட்டார், இந்த அச்சு எந்த ஸ்டுடியோவில் எடுத்தது என்று.

"கும்மிடிப்பூண்டியில சார். எங்க ஊட்டுக் கொட்டாயில. மெஷினு எங்க நாத்தனாரு செஞ்சது," என்று மைக்கிலேயே சொன்னாள். "யம்மாடி, மேல வா."

நான் மேலே போனேன். கைதட்டல் அடங்குவதாக இல்லை. முதலாளி தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "என் பேரிங்கு, என் பேரிங்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

சென்ட்ரல் பக்கத்தில் எல்லோரும் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டோம். பேச்சு சுவாரசியத்தில் ஒரு வண்டியை விட்டுவிட்டு, அடுத்த கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தோம். இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அண்ணன் செல்போனில் படத்தை எடுத்து எதிர் சீட்டுக்காரரிடம் நீட்டினான்.

"எங்க ஊட்டம்மா பண்ணது. பாருங்க சார்."

அவர் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் பின் சீட்டுக்குக் கொடுத்தார். எண்ணூர் தாண்டும்போது போன் பெட்டியின் அந்தக் கோடிக்குப் போயிருந்தது. பூக்காரி ஒருத்தி தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இத்த செஞ்சது?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

அண்ணி கையைத் தூக்கினாள். பிறகு என் கையையும் பிடித்துத் தூக்கினாள்.