காற்று அணைத்த சூடம்

யாராவது சூடம் அடித்துச் சத்தியம் செய்தால் இன்றைக்கும் நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பேன். எங்கள் தோட்டத்தில் ஒருவன் பேச்சை நம்ப முடியவில்லை என்றால் சாமிக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைப்பார்கள். எரிகிற சூடத்தை அவன் உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் வழக்கு முடிந்தது. பொய்யன் அடிக்கமாட்டான், அடித்தால் சாமி சும்மா விடாது என்பது நம்பிக்கை. நானும் நம்பினேன். ஓர் ஆட்டக்காலம் முழுக்க, மடையன் மாதிரி நம்பினேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. வட்டகொடையில் ரயில் ஏறி ஹட்டனில் இருந்த கல்லூரிக்கு எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு பேர் போய்வந்தோம். நான் லயத்துப் பையன், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். அப்பா இல்லை, அம்மா கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தாள். மற்றவன் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். காலையில் அவன் தங்கள் பங்களாவிலிருந்து இறங்கி வந்து எங்கள் லயத்து வாசலில் குரல் கொடுப்பான். அம்மா இரண்டு பேருக்குமாக ரொட்டி சுட்டு, சம்பல் வைத்துக் கட்டித் தருவாள்.

"தம்பி, இங்க வந்து திங்கிறீங்கன்னு ஒங்க வீட்டுல திட்ட மாட்டாங்களா?" என்பாள்.

"தெரிஞ்சாத்தானே ஆத்தா!" என்று வாய் நிறைய ரொட்டியோடு சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு நானும் அம்மாவும் அடிமை.

அந்த வருடம் கல்லூரி உதைபந்தாட்ட அணிக்கு அவன்தான் தலைவன். நான் வலது ஓரத்தில் ஓடுகிறவன். அணியில் பாதிப் பேர் ஹட்டன் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், அவர்களிடம் பூட்ஸ் இருந்தது. லயத்துப் பிள்ளைகள் எங்களுக்கு வெறுங்கால். முதல் வாரப் பயிற்சியிலேயே ஒருவன் மிதித்து என் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். எனக்கு அப்போதே கோபம் மூக்கு நுனியில். இரண்டு கட்சியாகப் பிரிந்து கைகலப்பு ஆனபோது தலைவன்தான் நடுவில் புகுந்தான்.

"இந்த சீசனுக்கு யாரும் பூட்ஸ் போடக் கூடாது. ஆடுனா பதினோரு பேரும் வெறுங்காலு, இல்லன்னா யாருமே ஆடவேணாம். வாங்க, ரோதை முனிக்கிட்ட சூடம் அடிப்போம்" என்றான்.

சூடம் என்று முதலில் சொன்னது அவன் வாய்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் பின்பக்கத்தில், இயந்திரச் சக்கரங்களுக்குக் காவலாக இருக்கிற சாமி ரோதை முனி. ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அணி முழுவதும் அங்கே வந்தது. கடைக்காரப் பிள்ளைகள்கூடப் பயபக்தியோடு அடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டி வைத்துக் கொளுத்தியவன் நான். கடைசியாகத் தலைவன் குனிந்தான். கையை ஓங்கியபோது பள்ளத்திலிருந்து ஒரு காற்று வந்தது. சூடம் அணைந்தது. அதற்குப் பிறகுதான் அவன் கை கல்லில் பட்டது. பக்கத்தில் இருந்ததால் நான் மட்டும் பார்த்தேன்.

"வேற சூடம் கொளுத்தட்டுமாடா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்குடா? மனசு போதாதா?" என்றான்.

போதும் என்றுதான் நினைத்தேன். இன்னொரு கட்டி என் கையிலேயே இருந்தது. அதைக் கொளுத்தினால் அவனைச் சந்தேகப்பட்டதாகிவிடுமே என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பருவம் நாங்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! மழையில் சேறான மைதானங்களில் பூட்ஸ்காரர்கள் வழுக்கி விழ, நாங்கள் விரலை ஊன்றி நின்றோம். "வெறுங்கால் செட்டு வருது" என்று தலவாக்கலையில் சனம் வேலியோரம் கூடியது. தோற்றது ஒரே ஒரு தடவை. நுவரெலியாவில் நடக்கப்போகிற கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

எங்கள் தோட்டத்துத் துரைக்கு உதைபந்து என்றால் பைத்தியம். எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கடைசி மேட்ச் நான் வர்றது. நம்ம தோட்டத்துப் பையன் யார் நல்லா ஆடுறது, அவன் ஸ்டோர்ல டீமேக்கர் வேலை படிக்கிறது."

டீமேக்கர் என்றால் ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்கே பொறுப்பானவர். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என்ன படித்தாலும் அரசாங்க வேலை கிடையாது. படிப்பு முடிந்தால் பெரட்டுதான். விடியற்காலையில் வரிசையில் நின்று, மண்வெட்டி வேலையா, மருந்தடிக்கிற வேலையா என்று கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அதிலிருந்து தப்ப எனக்கு இருந்தது அந்த ஒரே ஆட்டம். அவன் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. கொழும்பு, கண்டி, எங்கே வேண்டுமானாலும் அவன் போகலாம். இந்த வேலையில் அவனுக்குக் கண் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அது ஒனக்குத்தான்டா. பந்த ஒன் காலுக்கே போடுறேன் பாரு" என்று அவனே சொன்னான்.

கடைசி ஆட்டத்தன்று அம்மா வேலைக்குப் போகாமல், தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு எங்களோடு வந்தாள். நுவரெலியாக் குளிரில் மைதானத்தின் ஓரத்தில் ரொட்டிப் பொட்டலத்தோடு உட்கார்ந்தாள். நாங்கள் உடை மாற்றுகிற கொட்டகைக்குப் போனோம். பத்துப் பேரும் பையைத் திறந்தார்கள். பத்துப் பையிலிருந்தும் பூட்ஸ் வந்தது. லயத்துப் பிள்ளைகளின் பையிலிருந்தும்! எல்லாம் கடைக்காரப் பிள்ளைகள் இரவல் கொடுத்தவை.

"ஒங்கிட்ட எங்க?" என்றார் எங்களுக்கு ஆட்டம் பழக்கிய மாஸ்டர். "இந்த ஆட்டத்துக்கு பூட்ஸ் இல்லாம எறங்க விடமாட்டாங்கன்னு போன வாரமே தலைவன்கிட்ட சொல்லிட்டேனே. எல்லாருக்கும் சொல்லச் சொன்னேனே!"

நான் அவனைப் பார்த்தேன். அவன் குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்தான்.

"ஒனக்குச் சொன்னா சத்தியம் சத்தியம்னு குதிப்ப. டீமையே ஆட விடமாட்ட. அதான் ஒங்கிட்ட மட்டும் யாரும் சொல்ல வேணாம்னேன்" என்றான்.

"நீயும்தானேடா சத்தியம் பண்ணுன?"

"நான் எங்க அடிச்சேன்? காத்துலதானே அணைஞ்சிச்சு. நீயே பாத்தியே."

அடப்பாவி! அத்தனை மாதமும் அதை மனதில் வைத்துக்கொண்டா என் அம்மா கையால் வாங்கித் தின்றான்? அவன் பல்லை உடைத்திருப்பேன், மாஸ்டர் குறுக்கே நின்றார். பதிலாளாக வந்த பையனின் பூட்ஸைக் கழற்றி எனக்குப் போட்டுப் பார்த்தார்கள். மலை ஏறி அகன்ற கால், பாதிகூட உள்ளே போகவில்லை. அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு அந்தப் பையனே என் இடத்தில் இறங்கினான்.

நான் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன்டா நீ போகல?"

"கால் வலிம்மா."

அவள் என் காலை மடியில் எடுத்துப் போட்டு அமுக்க ஆரம்பித்தாள். வலிக்காத காலை, ஆட்டம் முடியும்வரை அமுக்கினாள். அவன் இரண்டு கோல் போட்டான். துரை எழுந்து நின்று கை தட்டினார். ஆட்டம் முடிந்து அவன் எங்கள் பக்கமாக வந்தபோது, ஒன்றும் தெரியாத அம்மா, "நல்லா ஆடுனீங்க தம்பி" என்று ரொட்டியை நீட்டினாள். அவனும் வாங்கித் தின்றான். எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ!

படிப்பு முடிந்ததும் நான் பெரட்டுக்குப் போனேன். நாலைந்து வருடம் மண்ணில் கிடந்த பிறகு, ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற தட்டில் வேலை கொடுத்தார்கள். அவன் அங்கே டீமேக்கர் ஆகியிருந்தான். நானும் மற்றவர்களைப் போல "ஐயா" என்றேன். பழைய பேச்சை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கூரைக்குக் கீழே வேலை, மழை படாது, அம்மாவும் முடியாமல் கிடந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஸ்டோரில் தேயிலை குறைந்தது. எங்களில் யாரோ எடுத்துவிட்டோம் என்று அவனுக்குச் சந்தேகம். எங்களை எல்லாம் ரோதை முனிக்கு முன்னால் நிறுத்தினான். தன் பளபளக்கும் சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றான்.

"எடுக்காதவன் சூடம் அடிக்கட்டும். அடிக்காதவன்தான் கள்ளன்" என்றான்.

அடப்பாவி, யாரைப் பார்த்து யார் கேட்பது! மற்றவர்கள் ஒவ்வொருவராக அடித்தார்கள். என் முறை வந்தது. நான் சூடத்தைக் கொளுத்தி, ஓங்கி அடித்து அணைத்தேன். பிறகு இன்னொரு கட்டியை எடுத்துக் கொளுத்தி, கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

"இது ஒங்களுக்குங்க ஐயா. அன்னைக்கு விட்டுப்போனது. இன்னைக்குக் காத்தும் இல்லீங்க" என்றேன்.

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. சூடம் நேராக நின்று எரிந்தது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே பார்த்தான். அது தானாக எரிந்து தீரும்வரை பார்த்தான். "போங்க, வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் விடியற்காலையில் பெரட்டில் கணக்கப்பிள்ளை என் பேரைக் கான் வெட்டுக்கு, மலையில் வடிகால் தோண்டுகிற வேலைக்குக் கூப்பிட்டார். "ஸ்டோர்ல ஆள் கூடிப்போச்சாம்" என்றார். நான் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன்.